பிள்ளைகள் விளையாடும் மைதானத்தின் ஓரத்தில் பெற்றோர் மது அருந்துவது: இந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

கேள்வி
எழுதியவர்: கோல்கம்பத்தடி

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. மூன்று ஆண்டுகளாக ஒரு சிறுவர் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பராக விளையாடி வருகிறாள். சனிக்கிழமைதோறும் ஆட்டம் இருக்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது, நாள் முழுவதும் நடக்கும் போட்டித்தொடர் ஒன்றுக்கு வெளியூர் போவோம்.

சென்ற ஆண்டு அப்படியொரு போட்டித்தொடரின் மாலையில், எல்லா ஆட்டங்களும் முடிந்த பிறகு, பெற்றோர் ஒருவர் தம் காரின் பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டியிலிருந்து பீர் கேன்களை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். வெயிலில் நின்று களைத்திருந்தோம், தோற்றும் போயிருந்தோம். அதில் தவறாக எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. நானும் ஒன்றை வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு அந்த ஐஸ் பெட்டி வராத போட்டித்தொடரே இல்லை என்றாகிவிட்டது. மாலையில் திறந்த பெட்டி மதியமே திறக்கத் தொடங்கியது. பிறகு இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளைக்கே திறந்தது. இப்போது காலை பத்து மணி ஆட்டத்துக்குக்கூட மூடிபோட்ட எவர்சில்வர் டம்ளர்கள் வந்துவிடுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன்பு, உயரமாக வந்த பந்துக்காக எங்கள் அணிச் சிறுமி ஒருத்தியும் எதிரணிச் சிறுமி ஒருத்தியும் ஒரே நேரத்தில் தாவியதில் இருவர் தலையும் மோதிக்கொண்டன. எதிரணிச் சிறுமி அழுதுகொண்டே எழுந்துவிட்டாள். எங்கள் பெண் சில நொடிகள் அசையாமல் கிடந்தாள். கண் திறந்ததும், நாம் எந்தப் பக்கம் கோல் போட வேண்டும் என்று பயிற்சியாளரைக் கேட்டாள். அவளுடைய பெற்றோர் அன்று வரவில்லை, வேறொரு குடும்பத்தின் காரில்தான் அவள் வந்திருந்தாள். பயிற்சியாளர் எங்கள் பக்கம் திரும்பி, "மருத்துவமனைக்கு யார் வண்டி எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் ஒன்பது பேர் நின்றிருந்தோம். ஒருவர் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார். சிறுமியைக் காரில் அழைத்து வந்தவர், கையிலிருந்த சாவியை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் ஒரு கேனை முடித்துவிட்டு இரண்டாவதைத் திறந்திருந்தேன். கடைசியில் எங்கள் யாருக்கும் முன்பின் தெரியாத, எதிரணிப் பெண் ஒருத்தியின் தாயார்தான், "நான் அழைத்துப் போகிறேன்" என்று முன்வந்தார். சிறுமி இப்போது நலமாக இருக்கிறாள். ஆனால் அந்த ஒன்பது பேர் நின்ற நிற்பு என் கண்ணைவிட்டு அகலவில்லை.

அன்றிலிருந்து குழுவில் இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் நானும் குடித்தவன்தானே, எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை. ஐஸ் பெட்டியைக் கொண்டு வருபவர் உண்மையிலேயே நல்ல மனிதர். பயிற்சிக்கு வர வண்டி இல்லாத பிள்ளைகளை எல்லாம் தம் காரில் ஏற்றிக்கொண்டு வருபவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போல ஆகிவிடக் கூடாது. என் கோபத்தால் என் மகளுக்குக் குழுவில் மனக்கசப்பும் வரக் கூடாது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் மது வேண்டாம் என்று கேட்பது அளவுக்கு மீறிய கோரிக்கையா? இதை அனுபவித்துக் கடந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: பழைய விசில்

பதினான்கு ஆண்டுகள் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அதற்குப் பிறகு நடுவராகவும் இருந்தேன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அளவுக்கு மீறிய கோரிக்கை அல்ல. உண்மையைச் சொன்னால் இது ஒரு பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலை; அவர் செய்யாததால் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

மைதானத்துக்குள் நிற்பவனுக்குத் தெரிகிற ஒன்று ஓரத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை பந்தைத் தவறவிட்டால், பயிற்சியாளரையோ சக ஆட்டக்காரர்களையோ முதலில் பார்ப்பதில்லை. கழுத்து தானாகத் தன் வீட்டார் நிற்கும் பக்கம் திரும்பும். அரை நொடிதான். அங்கே ஒரு முகம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால், அது சிரிக்கக்கூட வேண்டாம், பிள்ளை அடுத்த பந்துக்கு ஓடிவிடும். மூன்று பேர் வட்டமாக நின்று, முதுகை மைதானத்துக்குக் காட்டியபடி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தால், அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கோல்கீப்பர் என்கிறீர்கள். பந்து எதிர்ப் பக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவளுக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேறு என்ன இருக்கிறது? மைதான ஓரம்தான். மற்ற எந்தப் பிள்ளையையும்விட உங்கள் டம்ளர்களை அதிகம் பார்த்திருப்பவள் அவள்தான்.

நடுவராக இருந்தபோது கண்டதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவர்களாக வருபவர்களில் பலர் தாங்களே பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். காலை முதல் ஆட்டத்தில் "நடுவரே, ஆஃப்சைடு" என்று தொடங்கும் குரல், மாலை ஆட்டத்தில் என்னவாக மாறும் என்பதை இங்கே எழுத முடியாது. ஒரு மாலையில், பெற்றோர் ஒருவர் கத்திய கத்தலுக்குப் பிறகு, அந்த இளம் நடுவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் வரவே இல்லை.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ் பெட்டிக்காரரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், பிறகு பயிற்சியாளரிடம் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கிய எந்தப் பேச்சும் கட்சி பிரியாமல் முடிந்ததாக என் அனுபவத்தில் இல்லை.


பதில் 2
எழுதியவர்: ஓரத்து நாற்காலி

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நான் மைதான ஓரத்தில் பீர் குடிப்பவன். வாரம் முழுவதும் வேலை, சனி ஞாயிறு முழுவதும் பிள்ளைகளின் போட்டிகள் என்று ஓடுகிற வாழ்க்கையில், நண்பர்களோடு நின்று பேசக் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அந்த ஓரம்தான். இரண்டு மணி நேரத்தில் ஒரு கேன் குடித்து, கடைசி வரை என் மகனின் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். போகும்போது வண்டி ஓட்டுவது என் மனைவி. இதில் யாருக்கு என்ன நட்டம்?

பழைய விசில் அவர்கள் சொல்லும் கத்தலைப் பற்றி: எங்கள் குழுவில் நடுவரை மிக மோசமாகத் திட்டுபவர் வாழ்க்கையில் மதுவைத் தொட்டதே இல்லாதவர். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவர் பேசும் பேச்சுக்கு எந்த விதி வைத்திருக்கிறோம்? குடியைத் தடுத்துவிட்டால் எல்லோரும் பண்பாளர்களாகிவிடுவார்கள் என்று நினைப்பது, நோயை விட்டுவிட்டு நோயாளியின் சட்டையை மாற்றுவது போன்றது. நடத்தைக்கு விதி வையுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. பெரியவர்கள் அளவோடு குடிப்பதைப் பிள்ளைகள் பார்ப்பதே தவறு என்றால், வீட்டில் விருந்து நடக்கும்போது பிள்ளைகளை எங்கே அனுப்புவது? ஒளித்து வைத்து எவர்சில்வர் டம்ளரில் குடிப்பதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. ஒளிப்பதைப் பார்க்கும் பிள்ளை, ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சிறுமி அடிபட்ட அன்று நடந்தது சரியில்லை. ஒன்பது பேரில் ஒருவராவது தெளிவாக இருந்திருக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.


பதில் 3
எழுதியவர்: இரவுப்பணி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சனி, ஞாயிறு பிற்பகல்களில் சீருடையோடும் முழங்காலில் புல்லோடும் எங்களிடம் வரும் பிள்ளைகள் பலர். அந்த இடத்திலிருந்து பார்த்து எழுதுகிறேன்.

முதலில், கேள்வி கேட்டவருக்கு ஒரு செய்தி, வருத்தப்பட வேண்டாம். சில நொடிகள் அசையாமல் கிடந்து, எழுந்ததும் குழம்பிப் பேசிய ஒரு பிள்ளையைக் காரில் ஏற்றியிருக்கவே கூடாது. தலையில் அடிபட்டு நினைவு தப்பினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது வரும் வரை கழுத்தை அசைக்காமல், பிள்ளையைக் கிடந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். "யார் வண்டி எடுக்கிறீர்கள்" என்ற கேள்வி எழுந்தவுடனே, "வண்டி வேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது பேருக்கும் அது தோன்றவில்லை. தான் ஓட்டக்கூடிய நிலையில் இருக்கிறோமா என்ற கணக்கிலேயே எல்லோருடைய மனமும் நின்றுவிட்டது என்பது என் ஊகம். மதுவின் வேலையே அதுதான். கால் தள்ளாடுவது பிறகு வரும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை யோசிக்கும் திறன் முதலில் போய்விடும்.

ஒரு கேன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் கணக்கைப் பார்ப்போம். 5 விழுக்காடு மது உள்ள 330 மி.லி. பீரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 500 மி.லி. கேனில் கிட்டத்தட்ட 20 கிராம். பெரியவர் ஒருவரின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் அகற்றக்கூடியது தோராயமாக 7 முதல் 10 கிராம் வரைதான். ஆளுக்கு ஆள் இது மாறும். பிற்பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் இரண்டு பெரிய கேன்களை முடித்த ஒருவர், நான்கு மணிக்குப் பிள்ளைகளைக் காரில் ஏற்றும்போது, குடித்ததில் சுமார் கால் பங்கு, சிலருக்குப் பாதியளவு, உடலில் இன்னும் இருக்கும். காப்பி குடிப்பதும் முகம் கழுவுவதும் தூக்கத்தை விரட்டுமே தவிர இந்த அளவைக் குறைக்காது. நேரம் ஒன்றுதான் குறைக்கும். வெயிலில் நீர் வற்றிய உடலிலும் வெறும் வயிற்றிலும் அதன் தாக்கம் கூடுதலாகவே இருக்கும்.

சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள்தான் இருக்கிறேன் என்ற சமாதானமும் எனக்குப் போதவில்லை. 100 மி.லி. இரத்தத்தில் சுவீடன் 20 மில்லிகிராமுக்கு மேல் விடுவதில்லை, இந்தியா 30, ஐரோப்பிய நாடுகள் பலவும் 50, இங்கிலாந்து 80. மனித உடல் எங்கும் ஒன்றுதான். கோடு கிழித்த இடம்தான் நாட்டுக்கு நாடு வேறு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் எதிர்வினை மந்தமாகத்தான் செய்கிறது.

ஓரத்து நாற்காலி ஐயாவுக்கு ஒரு சொல். உங்கள் மனைவி வண்டி ஓட்டுகிறார் என்பது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் பயணத்தோடு கடமை முடிவதில்லை. தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும், முதல் 24 முதல் 48 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போகிறதா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, பேச்சு குழறுகிறதா, எழுப்பினால் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் அந்தத் தாளைக் கொடுத்து ஒவ்வொரு வரியாக விளக்கும்போது, எதிரே நிற்கும் தகப்பனார் தலையாட்டிக்கொண்டே இருப்பார். மூச்சில் வாடை வரும். "எத்தனை மணிக்கு அடிபட்டது? விழுந்தபோது நினைவு இருந்ததா?" என்று கேட்டால், "நான் சரியாகக் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தேன்" என்பார். அந்தத் தாளை நான் யாரிடம் கொடுப்பது? ஒருமுறை, அடிபட்ட சிறுவனின் அக்காவிடம்தான் கொடுத்து விளக்கினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. தாளை நான்காக மடித்து, பையின் ஜிப் உள்ள அறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.


பதில் 4
எழுதியவர்: வலைக்கு அப்பால்

நான் வாசிப்பவள் மட்டும். இங்கே எழுதுவது இதுவே முதல்முறை.

சிறுவயதில் இறகுப்பந்து ஆடினேன். அப்பாதான் போட்டிகளுக்கு அழைத்துப் போவார். அவர் ஒருபோதும் கத்தியதில்லை, யாரையும் திட்டியதில்லை. கார் நிறுத்துமிடத்துக்கும் அரங்குக்கும் இடையே போய் வந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார், என் பெயரைக் கொஞ்சம் அதிக சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான்.

வென்றால் அடுத்த சுற்று இருக்கும். அடுத்த சுற்று என்றால் இன்னும் இரண்டு மணி நேரம். இன்னும் இரண்டு மணி நேரம் என்றால், அவர் காருக்கு இன்னும் எத்தனை முறை போவார் என்பது எனக்குக் கணக்குத் தெரியும். பன்னிரண்டாவது வயதிலிருந்து நான் காலிறுதிக்கு மேல் போனதில்லை. சர்வீஸை வலையில் அடிப்பது மிக எளிது. ஒரு விரல் அளவு தாழ்த்தினால் போதும், யாருக்கும் சந்தேகம் வராது. பதற்றத்தில் தடுமாறுகிறாள், மனவலிமை போதவில்லை என்று பயிற்சியாளர் என் குறிப்பேட்டில் எழுதினார். மாலை நான்கு மணிக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் என் ஆட்டமாக இருந்தது. நான்கு மணிக்குக் கிளம்பினால் அப்பா வண்டியை நேராக ஓட்டுவார்.

அவரிடம் இதை நான் கடைசி வரை சொல்லவில்லை. அவர் என்னை மிகவும் நேசித்தார், எந்தப் போட்டிக்கும் வராமல் இருந்ததில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.


பதில் 5
எழுதியவர்: கணக்குப் புத்தகம்

ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலராகச் சில ஆண்டுகள் இருந்தேன். இந்த விதியை எழுதி, தோற்று, திருத்தி எழுதியவன் என்ற முறையில் சொல்ல ஒன்றிரண்டு உண்டு.

பெரியவர்களின் கால்பந்தில் இது எப்போதோ தீர்க்கப்பட்ட விவகாரம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. 1980ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில், செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரு அணிகளின் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி மோதிக்கொண்ட பிறகு, அதே ஆண்டு அங்கே கால்பந்து அரங்குகளில் ரசிகர்கள் மது அருந்தத் தடைச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய அணிகள் ஆடும் அரங்குகளில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மதுவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். குடிக்க வேண்டுமானால் இடைவேளையில் உள்ளே போய்க் குடித்துவிட்டு வர வேண்டும். பிரான்சின் 1991ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டுக்கு மது நிறுவனங்கள் விளம்பர ஆதரவு தருவதையே நிறுத்தியது. 2022இல் கத்தாரில், உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அரங்க வளாகங்களில் பீர் விற்பனை ரத்து செய்யப்பட்டது. முரட்டு ரசிகர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. எட்டு வயதுப் பிள்ளைகள் ஆடும் புல்வெளியின் ஓரத்துக்கு வந்தால், யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. பெற்றோர்தானே, அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் விட்டிருந்தோம். ஒரு சம்பவத்துக்குப் பிறகு (விவரம் வேண்டாம்) அவசரமாக ஒரு பலகையை எழுதி மாட்டினோம்: "மைதானத்தில் மது அருந்தக் கூடாது." விளைவு என்ன தெரியுமா? எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். முன்பு பார்வையில் நடந்தது இப்போது கார்களுக்கு நடுவே நடந்தது. அதுவும் வண்டி ஓட்டப் போகிறவர்கள், வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு. பலகையை மாட்டியதால் மைதான ஓரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் பெற்றோரும் குறைந்தார்கள். மேலே எழுதிய சகோதரியின் அப்பாவும் கார் நிறுத்துமிடத்துக்குத்தான் போய் வந்திருக்கிறார் என்று படித்தபோது, எங்கள் பலகை நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

அடுத்த பருவத்தில் பலகையை எடுத்துவிட்டு, பருவம் தொடங்கும் முன் பெற்றோர் அனைவரும் கையெழுத்திடும் சேர்க்கைப் படிவத்திலேயே இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தோம். முதல் பிள்ளை மைதானத்துக்கு வருவதிலிருந்து கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் வரை மைதானத்திலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மது இல்லை என்பது ஒன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு பெற்றோர் பொறுப்புப் பெற்றோராக இருப்பார்கள், முதலுதவிப் பெட்டியும் பிள்ளைகளின் அவசரத் தொடர்பு எண்களும் அவர்களிடம் இருக்கும் என்பது மற்றொன்று. வேலை செய்தது இந்த இரண்டாவது வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். பெயர் எழுதிய பட்டியலில் தம் முறை வரும்போது மனிதர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். எங்கள் குழுவில் அதிகம் குடித்த ஒருவர், தம் முறை வந்த சனிக்கிழமையில் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, காலாவதியான களிம்பை எடுத்துக் காட்டி, என்னையே கேள்வி கேட்டார்.

விதி எழுதுவதற்கு முன், மைதானத்தை உங்களுக்குக் கொடுத்திருப்பவர்களின் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பள்ளி மைதானம் என்றாலும் பொது மைதானம் என்றாலும் மதுத் தடை பெரும்பாலும் ஏற்கெனவே அதில் இருக்கும். காப்பீட்டு ஆவணத்திலும் இது பற்றி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டதை நினைவூட்டுகிறீர்கள். யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துக் குற்றம் சொல்ல வேண்டிய தேவை அதோடு போய்விடும்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கழகத்துக்குச் சொந்தமாக ஒரு மதுக்கூடம் இருந்தது. சிறுவர் அணியின் பந்துகளும் சீருடையும் அந்த வருமானத்தில்தான் வந்தன. நடுவர் கட்டணத்தைக்கூட நான் அந்தக் கல்லாவிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பேன். சிறுவர் ஆட்டம் உள்ள நேரத்தில் அதை மூடுவது என்று முடிவு செய்தபோது, ஆட்சிமன்றக் குழுவில் என்னோடு சண்டை போட்டவர்கள் குடிப்பவர்கள் அல்லர், கணக்குப் பார்ப்பவர்கள். முதல் ஆண்டு பற்றாக்குறை வந்தது. சந்தாவைச் சற்று உயர்த்தினோம்; இரண்டு குடும்பங்கள் அதனால் விலகின. அவர்களைத் தடுத்து நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.


பதில் 6
எழுதியவர்: ஓரத்து நாற்காலி

மறுபடியும் நானே. ஆம்புலன்ஸ் பற்றிய பத்தியையும் இறகுப்பந்து ஆடிய சகோதரி எழுதியதையும் படித்தேன். என் வாதத்தில் ஒரு பகுதியை நான் இன்னும் விடவில்லை: நடத்தைக்கு விதி இல்லாமல் குடிக்கு மட்டும் விதி வைப்பது பாதி வேலைதான். ஆனால் "இதில் யாருக்கு என்ன நட்டம்" என்று கேட்டேன் அல்லவா, அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் மகனிடம் நேற்று இரவு, நான் அங்கே நின்று குடிப்பது பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். "பரவாயில்லை அப்பா" என்றான். சட்டென்று, கேட்டு முடிப்பதற்குள்ளாகவே சொல்லிவிட்டான். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கோல்கம்பத்தடி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பழைய விசில் ஐயா சொன்னபடி, ஐஸ் பெட்டி கொண்டு வருபவரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவரைப் பற்றிப் பேசாமல் என்னைப் பற்றி மட்டும் பேசினேன்: அன்று நான் இரண்டாவது கேனைத் திறந்திருந்தேன், அடிபட்டது என் மகளாக இருந்திருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவர்தான் அவளை அழைத்துப் போயிருப்பார், ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணம்கூட எனக்கு வரவில்லை என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அன்று சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டது அவர்தான் என்று அவராகவே சொன்னார். எனக்கு அது முன்பே தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. அடிபட்ட சிறுமியின் வீட்டுக்கு அவர் இன்னும் போகவில்லையாம்; போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை அந்தத் தெருவரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்.

பயிற்சியாளரிடமும் பேசிவிட்டேன். மைதான ஒப்பந்தத்தின் நகலை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம். சிலர் எதிர்ப்பார்கள், ஒருவர் இப்போதே, "இனி மைதானத்துக்கு வரும்போது மூச்சை ஊதிக் காட்டச் சொல்வீர்களா?" என்று கேட்டுவிட்டார். நடுவரைப் பார்த்துக் கத்துவது பற்றிய விதியையும் இதோடு சேர்த்தே முன்வைக்கப் போகிறேன். ஓரத்து நாற்காலி அவர்கள் சொன்னது அந்த வகையில் உதவியது.

கணக்குப் புத்தகம் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிவத்தில் இருந்த அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லுக்குச் சொல் அப்படியே இங்கே பதிவிட முடியுமா? வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் அச்செடுத்துக் கொண்டு போவேன். பொறுப்புப் பெற்றோர் பட்டியலில் முதல் சனிக்கிழமைக்கு இரண்டு பெயர்களை இப்போதே எழுதிவிட்டோம். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது.